கொக்கியில் மட்டும் 916

அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஆயுள் முழுக்க ஒழுங்காக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு தடவை கோட்டை விட்டால் போதும், தோலோடு வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டப்பெயர். இரண்டாவது மருமகள் ஒருமுறை புதிதாக வாங்கிய திரைச்சீலைகளைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கினாள். அன்று முதல் அவள் 'பஸ்'. வீட்டின் ஒரே பெண் விருந்தாளிகளுக்குப் போட்ட காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கலந்தாள். அவள் 'உப்பு'. அவளைக் கட்டியவர் பல் டாக்டரைப் பார்க்கப் போனவர், தன் ஓட்டைக் குடையை அங்கே வைத்துவிட்டு இன்னொருவருடைய புத்தம்புதுக் குடையோடு வந்து சேர்ந்தார். மறதி என்று இன்றுவரை சாதிக்கிறார். அவர் 'குடை'. பல் போனாலும் அந்தப் பெயர் போகப் போவதில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் இரண்டாவது மகனைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பெயர் இல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வீட்டின் மூத்த மகன். பெயர் சூட்டுகிற உரிமை அவருடையது, அவருக்கு யார் சூட்டுவது? இன்னொருத்தி அவர் மனைவி. பாதிப் பேர் அவளை அண்ணி என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அண்ணி எதையும் தொலைத்ததில்லை, எதையும் மாற்றி எடுத்ததில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசப் போனதில்லை. "அவளப் பாத்துக் கத்துக்கங்க" என்று கணவர் மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அண்ணிக்குக் கீழே பார்க்கவே பயமாக இருக்கும். உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போன மாதிரி.

அவள் கணவர் பிஸ்கட் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஆய்வாளர் என்றதும் பிஸ்கட்டைக் கடித்துப் பார்ப்பார் என்று நினைக்க வேண்டாம். நகர்ந்துவரும் பட்டையின் மேல் பாக்கெட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உள்ளே இருப்பது நமுத்துப் போயிருந்தாலும் முத்திரை பளிச்சென்று இருந்தால் அவரைக் கடந்து போய்விடும். மொறுமொறுவென்று இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் கூடைக்குப் போகும். வருஷக்கணக்காக இப்படிப் பார்த்துப் பார்த்து, உலகமே ஒரு பட்டையில் நகர்ந்து வருகிறது, தான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது.

அண்ணிக்கு வேலை, துணி திருத்தித் தரும் கடை ஒன்றில். பேண்ட்டின் கால் நீளத்தைக் குறைப்பது, கோட்டின் தோளை இறக்குவது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது. அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும். நாடாவுக்கு அடியில் கல்யாணத்தின்போது போட்ட சங்கிலி. ஒருநாள் கடை மூடும் நேரத்தில் நாடாவை வெடுக்கென்று உருவி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது கழுத்தில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் சங்கிலியின் கொக்கி. எஸ் எழுத்து மாதிரி வளைந்த சின்னக் கொக்கி, கம்பளி நூலில் மாட்டிக்கொண்டு நின்றது. சங்கிலியைக் காணோம்.

ஓட்டமாகக் கடைக்குத் திரும்பினாள். துண்டுத் துணிகளும் நூல் குப்பையும் நிரம்பிய மூட்டையை அதற்குள் குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தது. மெஷினுக்கு அடியில், பெடலுக்குப் பின்னால், பொத்தான் டப்பாக்களுக்குள் எல்லாம் துழாவினாள். வழி நெடுகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். எதிரே வந்தவர் ஒருவர் என்ன ஏதென்று கேட்காமலே கூடச் சேர்ந்து கொஞ்ச தூரம் தேடிவிட்டு, "என்ன தேடுறோம்மா?" என்றார்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கை நீட்டுகிறவர் இல்லை, சத்தம் போடுகிறவர்கூட இல்லை. விளக்கம் சொல்கிறவர். அதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்காரும்போது அவளுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். 'குப்பை வண்டி' என்பாரா, 'நாடா' என்பாரா என்றெல்லாம் அவள் யோசித்துப் பார்த்தாள். பஸ் பழிக்குப் பழியாக அந்தப் பெயரை எப்படி ருசித்துக் கூப்பிடுவாள் என்பதும் காதில் கேட்டது.

ஆகவே அண்ணி, ஒரு ஃபேன்ஸி கடையில் அதே மாதிரிப் பின்னல் போட்ட பித்தளைச் சங்கிலி ஒன்றை வாங்கினாள். மேலே தங்கமுலாம். அதில் இருந்த கொக்கியைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய தங்கக் கொக்கியை மாட்டித் தரச் சொன்னாள். கடைக்காரர் கொக்கியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எல்லாரும் கொக்கிய மாத்திட்டுச் சங்கிலிய வச்சுப்பாங்க. நீங்க தலைகீழா வர்றீங்களேம்மா?"

"மாட்டுங்கண்ணே" என்றாள் அண்ணி.

பித்தளை தன் குணத்தைக் காட்டாமல் இருக்குமா? கொஞ்ச நாளில் கழுத்தைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சைக் கோடு விழுந்தது. குளித்ததும் தேய்த்துக் கழுவி, மேலே பவுடரைப் பூசிக்கொள்வாள். கணவர் அவள் கழுத்தை உற்றுப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்ததால் பெரிய பயம் இல்லை.

அப்போதுதான் அவர் லென்ஸ் வாங்கினார்.

நடைபாதைக் கடையில் கிடைத்த மடக்கு லென்ஸ். பெருவிரல் அளவுதான் இருக்கும். அதை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கயிறு மட்டும் வெளியே தெரியும்படி பார்த்துக்கொண்டார். நகை முத்திரைகளைப் பற்றி எங்கெங்கோ படித்து, ஒரு வாரத்தில் கரை கண்டுவிட்டார். "916-னா என்ன? ஆயிரம் பங்குல தொள்ளாயிரத்துப் பதினாறு பங்கு தங்கம். அதான் இருபத்திரெண்டு காரட். 750-னா பதினெட்டு. 585-னா பதினாலு. பக்கத்துலயே செஞ்சவன் அடையாளம் ஒண்ணு இருக்கும். எல்லாம் கொக்கில, இல்லன்னா வளையலோட உள்பக்கம். பாக்கத் தெரிஞ்சவனுக்குப் புத்தகம் மாதிரி" என்று சோப்பு வாங்கப் போன கடையில்கூடச் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் சோதனை யாருக்கு? வீட்டிலேயே இருப்பவளுக்குத்தான்.

"திரும்பு" என்றார்.

அண்ணி திரும்பி நின்றாள். கழற்றித் தரச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. முலாம் அங்கங்கே உரிந்து உள்ளே இருப்பது தெரிய ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, அவர் கழுத்தோடு வைத்தே பார்த்தார். பிடரியில் அவர் மூச்சு பட்டது. ஒரு முத்திரையைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிடக் கூடுதலாகவே அவர் நின்ற மாதிரி அவளுக்குத் தோன்றியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"தொள்ளாயிரத்துப் பதினாறு. சுத்தம்."

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொக்கியை மட்டும் படிக்கிற மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அன்றுதான் முதல்முறையாக மனதாரச் சந்தோஷப்பட்டாள். அடுத்த வாரம் வேலையிலிருந்து வந்தவர், பெரிய பவுடர் டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார். "கம்பெனில குடுத்தாங்க" என்றார். அண்ணி அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். நல்ல சமயத்தில்தான் வந்திருந்தது, பழைய டப்பா தீரும் நிலையில் இருந்தது.

அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இலக்கு தேடி லென்ஸ் அலைந்தது. பஸ்ஸின் தோடு பதினெட்டு காரட் என்று தெரியவந்து, அவள் தன் அம்மா வீட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். குடையின் மோதிரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருக்க, அது முலாம் பூசியதற்கான அடையாளம் என்று அறிவிக்கப்பட்டது. குடை அசரவில்லை. "குடை மாதிரியே இதுவும் மாறிப் போச்சு போல" என்றார். மனிதர்களையும் காரட்டில் எடை போட ஆரம்பித்தார் ஆய்வாளர். மேலதிகாரி பதினாலு, எதிர்வீட்டுக்காரர் வெறும் முலாம். மனைவியின் சங்கிலியை மட்டும் ஒவ்வொரு முறையும் உதாரணமாகச் சொல்வார், எடுத்துக்காட்டச் சொல்ல மாட்டார். "அதான் நான் பாத்துட்டேனே" என்று அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

வம்பு வந்தது ஒரு வளையலால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார், அதாவது உப்பு, கையில் ஒரு பழைய தடித்த வளையலோடு வந்திருந்தாள். அவளும் அவள் மாமியாரும் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும். போன வாரம் காய்ச்சலில் கிடந்த மாமியாரை இவள் போய்ப் பார்த்துக்கொண்டதில், அந்த அம்மா தன் கையிலிருந்த வளையலைக் கழற்றி இவள் கையில் போட்டுவிட்டிருந்தார். எல்லாரிடமும் அதைச் சொல்லவேண்டும் என்றே அன்றைக்கு முதல் ஆளாக வந்திருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் லென்ஸை எடுத்துவிட்டார்.

உள்பக்கம் பார்த்தார். வெளிப்பக்கம் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டில் எல்லாருக்கும் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"முத்திரையே இல்ல."

"அதனால?" என்றாள் உப்பு.

"பேரே இல்லாத பொருள். நிறமும் மங்கலா இருக்கு." லென்ஸை மடக்கினார். "பித்தளை."

உப்பு எதுவும் பேசவில்லை. வாயாடிகள் பேசாமல் இருக்கும்போது வீட்டில் மின்சாரம் போன மாதிரி இருக்கும். வளையலை வாங்கி மாட்டப் போனாள், அது விரல் முட்டியிலேயே சிக்கி நின்றது. அண்ணி எழுந்து போய் அவள் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள். அப்போது உப்பின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அண்ணியின் கைமேல் விழுந்தது.

எதையும் சிரித்தே கழிக்கிற குடை அன்று சிரிக்கவில்லை. "எங்கம்மா குடுத்தது மச்சான்" என்றார்.

"யார் குடுத்தா என்ன? முத்திரை இல்லையே."

"சரி. தெருமுனை நகைக்கடைல மெஷின் வச்சிருக்கான். வச்ச உடனே டிவி மாதிரி எண்ணு காட்டுது. இலவசமாவே பாக்குறான். எல்லாரும் போவோம். உங்க கண்ணா, அந்த மெஷினா, பாத்துரலாம்."

"தாராளமா" என்றார் ஆய்வாளர்.

"நான் இருந்து பாத்திரம் கழுவி வைக்கிறேன்" என்றாள் அண்ணி.

"பாத்திரம் எங்கக்கா ஓடிப் போவுது?" என்று பஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். பேருந்தில் திரைச்சீலையை விட்டவள், வேடிக்கையை விடுவாளா?

நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே அந்த மெஷின் இருந்தது. பார்த்தால் ரொட்டி சுடும் பெட்டி மாதிரி. மூடியைத் திறந்து நகையை வைத்து மூடினால், பக்கத்துத் திரையில் எந்த உலோகம் எவ்வளவு என்று வரிசையாக வரும். திரை வாடிக்கையாளர்கள் பக்கமே திரும்பியிருந்தது. இயக்குகிற பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வளையலை வாங்கி உள்ளே வைத்தாள். நாலு பேர் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி திரையைப் பார்த்து நின்றார்கள். அண்ணி மட்டும் தூணுக்குப் பக்கத்தில், கழுத்துப் பட்டியின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

திரையில் எண் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்குக்கும் மேல் தங்கம்.

"இருபத்திரெண்டு காரட்டுக்குக் கொஞ்சம் மேலயே இருக்கு" என்றாள் அந்தப் பெண். "பழசு இல்லையா, அப்பல்லாம் யாரும் முத்திரை அடிக்கல."

உப்பு வளையலை வாங்கி முத்தமிட்டாள். குடை சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பஸ், "அப்போ என் தோடு?" என்று காதிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். ஆய்வாளர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தபடியே நின்றார். பட்டையில் வந்த பாக்கெட் ஒன்று நின்று அவரைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது அவர் முகம்.

உப்புக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது, அதுவும் சேர்த்து வைத்த பேச்சு.

"ஏண்ணே, எங்க மாமியார் வளையல் பித்தளைன்னியே! அப்போ நீ 916-னு சொன்னது எல்லாம் என்ன லட்சணமோ? அண்ணி, அந்தச் சங்கிலியக் கழட்டுங்க. அதையும் வச்சுப் பாத்துருவோம்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றாள் அண்ணி. குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஒரு நிமிஷம்தானே அண்ணி. எங்கண்ணன் எது சொன்னாலும் சரியா இருக்குன்னு தலையாட்டுவீங்களே, இன்னைக்கு மெஷினும் ஆட்டட்டும்."

"கழட்டுக்கா" என்றாள் பஸ். மெஷினை இயக்கும் பெண்ணும் கையை நீட்டினாள்.

அண்ணியின் கை தானாகவே கழுத்துக்குப் போனது. கழுத்துப் பட்டிக்குள் விரலை விட்டுச் சங்கிலியைப் பொத்திக்கொண்டாள். தொலைத்தது, குப்பை மூட்டை, ஃபேன்ஸி கடை, பச்சைக் கோடு எல்லாம் இதோ இந்தத் திரையில் பெரிய எழுத்தில் வரப்போகிறது. பெயரும் வரும். 'பஸ்'கூட ஒரு பையைத்தான் விட்டாள். இவள் பொய்யைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவள். கணவரைப் பார்த்தாள். அவருக்குத் தன் மானத்தை மீட்டுக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. 'வை, பாத்துரலாம்' என்று அவர் வாயெடுக்கப் போவதை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேணாம்" என்றார் ஆய்வாளர்.

"ஏன் வேணாம்? பயமா?" என்றாள் தங்கை.

"ஆமா."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கயிற்றை இழுத்தார். லென்ஸ் வெளியே வந்து தொங்கியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு எண்ணு மனப்பாடம் பண்ணிட்டு உங்க எல்லாரையும் சோறு திங்க விடாம பண்ணினேன். உன் மாமியார் ஆசையாக் குடுத்ததப் பித்தளைன்னு சொல்லிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு." நிறுத்தினார். பிறகு, புதுப் பெயரை அறிவிக்கும்போது வழக்கமாக வரும் அதே கம்பீரத்தோடு சொன்னார்: "இனிமே என் பேரு பித்தளை. போதுமா? வேற எதையும் சோதிக்க வேணாம், வாங்க போலாம்."

முதலில் குடை வாய்விட்டுச் சிரித்தார். "பித்தளை மச்சான்!" பஸ் சுவரில் கையூன்றிக்கொண்டு சிரித்தாள். "பித்தளை மாமா! ஐயோ, நாளைக்கே ஊருக்குப் போன் போட்டு அவர்கிட்டச் சொல்லணும்!" கோபத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம் என்றிருந்த உப்புக்கும் அடக்க முடியவில்லை. "பித்தளை அண்ணே, வழி விடு" என்று அவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷமாகப் பட்டப்பெயரைச் சுமந்த மூன்று பேருக்கும், சூட்டியவரே தலையைக் குனிந்து கொடுத்தது ஒரு விருந்து. அந்த விருந்தில் அண்ணியின் சங்கிலி யார் நினைவிலும் இல்லை. மெஷின் பெண் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அடக்கி வைத்த கொட்டாவியை விட்டாள்.

மற்ற மூவரும் தங்கள் வழியில் பிரிந்ததும், கணவனும் மனைவியும் வீட்டை நோக்கி நடந்தார்கள். தூரத்தில் இருந்துகூட "பித்தளை மாமா, பாத்துப் போங்க!" என்று பஸ்ஸின் குரல் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கினார்.

தான் வேலை பார்க்கும் கடையைத் தாண்டியதும் அண்ணி கேட்டாள்.

"எப்போ தெரியும்?"

"லென்ஸ் வாங்கின அன்னிக்கே."

"அப்புறம் எதுக்கு 916-னு சொன்னீங்க?"

"கொக்கி 916-தானே? நான் பொய் சொல்லலையே" என்றார். ஆய்வாளர் முழுசாகச் செத்துவிடவில்லை. "கழுத்துல பச்சையா இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. சொல்ல முடியாத அளவுக்கு நான் என்னடா பண்ணிட்டேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். யோசிச்சா, நெறையதான் பண்ணியிருக்கேன்."

நாடாவை உருவியது, கம்பளிச் சட்டை, குப்பை மூட்டை, கூடச் சேர்ந்து தேடிய வழிப்போக்கர் என்று எல்லாவற்றையும் அண்ணி கொட்டினாள். வழிப்போக்கர் வந்த இடத்தில் அவர் சிரித்தார். மற்ற இடங்களில் குறுக்கே பேசாமல் கேட்டார். அவரால் முடியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

ஆனால் எவ்வளவு தூரம்தான் முடியும்? வீட்டுப் படி ஏறும்போது ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு, கழுத்துல சங்கிலி இருக்கறப்போ அளவு நாடாவ அதுக்கு மேல போடவே கூடாது. நாடாவ உருவறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. முதல்ல ஒரு கையால..."

"பித்தளை" என்றாள் அண்ணி.

அவர் வாயை மூடிக்கொண்டார். பூட்டைத் திறந்தார். லென்ஸைக் கயிற்றோடு கழற்றி அவள் தையல் பெட்டிக்குள் போட்டார். "ஊசி கோக்க ஆகும்" என்றார்.

"சங்கிலிய என்ன பண்றது?"

"போட்டுக்க. இல்லன்னா எங்கன்னு கேப்பாங்க."

அண்ணி கண்ணாடி முன் நின்று பொத்தானைக் கழற்றினாள். பச்சைக் கோடு அப்படியே இருந்தது. அவர் கொண்டுவந்த பவுடர் டப்பாவை எடுத்துக் கையில் தட்டிப் பார்த்தாள். தூசி மாதிரி கொஞ்சம்தான் விழுந்தது. பிஸ்கட் கம்பெனியில் எதற்குப் பவுடர் கொடுக்கிறார்கள் என்ற யோசனை இத்தனை நாள் கழித்து அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"என்னங்க," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பவுடர் தீந்து போச்சு."

"கம்பெனில கேட்டுப் பாக்கறேன்" என்றார் பித்தளை.